ஆயுசுக்கும்

கடிதத்தைக் கதவில் ஒட்டியபோது இராசம்மா வீட்டுக்குள்ளேதான் இருந்தாள். தட்டிக் கையில் கொடுத்திருக்கலாம். ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி மகேன் தட்டவில்லை. நாலு மூலையிலும் டேப் ஒட்டி, கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

சுங்கை மாவார் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனில் அன்றோடு நாலு நாளாகத் தூறல். மலைமேல் கொழுந்து வெட்டும் மெஷின் சத்தம் மட்டும் மூட்டத்துக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. இராசம்மா கடிதத்தைப் பிய்க்கப் பயந்துகொண்டு பக்கத்து வீட்டு முனியாண்டியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இதுல என்னா எழுதிருக்குன்னு பாருங்களேன். மலாய்ல இருக்கு."

முனியாண்டி அந்தத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தவர். கடைசி இருபத்தைந்து வருடம் கங்காணி. வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும் ஊரில் அவர் கங்காணியார்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு சொல்லத் தயங்கினார்.

"வீட்ட காலி பண்ணச் சொல்றாங்க இராசம்மா. முப்பது நாளு. வேல செய்யிற ஆளு யாரும் இந்த வீட்டுல இல்லியாம்."

"நான் நாப்பத்தோரு வருசம் செஞ்சேனே."

"இப்ப செய்யலல்ல. அதத்தான் எழுதிருக்கான்."

அந்த லயத்தில் பத்து வீடு. ஐந்து வீட்டுக் கதவில் அன்று கடிதம் ஒட்டியிருந்தார்கள். எல்லாம் வேலை ஓய்ந்த வயசாளிகள் வீடு. லயத்தை இடிக்கப் போவதில்லை. வெள்ளையடித்து, மெத்தை போட்டு, மலை பார்க்க வரும் டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடப் போகிறார்கள் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். கொழுந்து எடுத்தவர்கள் வாழ்ந்த வீட்டில் ஓர் இரவு தங்கலாம் என்று விளம்பரமாம். கொழுந்து எடுத்தவள் இருந்தால் இடைஞ்சல்.

முனியாண்டி வீட்டுக்குக் கடிதம் வரவில்லை. அவர் மகன் குகன் ஃபேக்டரி லாரி ஓட்டினான். அவன் ஓட்டும் வரைக்கும் வீடு இருக்கும்.

இராசம்மாவின் விஷயம் மற்ற நாலு வீட்டைப் போல இல்லை என்பது முனியாண்டிக்குத் தெரியும். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், மழைக்காலத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சின்னக்கருப்பன்மேல் மண் சரிந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஆளை எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. மறுநாள் எடுப்புக்கு அப்போது மேனேஜராக இருந்த துரை வந்தார். பிணத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு, இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். பக்கத்தில் நின்ற முனியாண்டிதான் அதைத் தமிழில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது. இராசம்மாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்த வார்த்தையை நம்பி இருந்துவிட்டாள். நாலு வருடம் கழித்துக் கூரைத் தகரம் போனபோது சொந்தச் சம்பளத்தில் மாற்றினாள். பின்கட்டுக்குச் சிமெண்டும் போட்டாள். கம்பெனி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் துரை ஊருக்குப் போய்ச் செத்தும் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கமிட்டித் தலைவர் குணாளன், திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு ஏற்றும் லாரி இரண்டு வைத்திருப்பவர். நாலு ஊர் பார்த்தவர் என்று பேர்.

இராசம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நம்ம ரூபினி லோயருக்குப் படிச்சிருக்கே. தாப்பாவுல ஆபீசு போட்டிருக்கே. அதுகிட்டயே குடுத்தா என்னா?"

"ரூபினி நல்ல புள்ள, இல்லேங்கல," என்றார் குணாளன். "ஆனா இது கம்பெனிய எதுத்து நிக்கிற வேலைலா. பொம்பளப் புள்ள. நேத்து இந்தப் பைப்படியில கொடம் தூக்கிட்டு நின்னது. அங்க பெரிய பெரிய லோயர்லாம் வருவான். இது எந்திரிச்சா ஜட்ஜு நிமிந்து பாப்பாரா? ஈப்போவுல எனக்கு ஒரு ஆளத் தெரியும். மீசையும் கொரலும் பாத்தாலே பயப்படுவானுங்க."

எல்லாரும் முனியாண்டியைப் பார்த்தார்கள். ரூபினி அவர் மகள். அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து வழக்கறிஞர் ஆனது அவள் ஒருத்திதான். ஆண்களிலும் யாரும் இல்லை. முனியாண்டி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவங்களா பாத்துச் செய்ங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி மணியம்மா நெத்திலிச் சம்பலைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். "ஒங்க வாயில என்னா, கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? நாம பெத்தத நாமளே சொல்லலைன்னா யாரு சொல்லுவா?"

"சொந்த மகளுக்கு நானே எப்படிப் பரிஞ்சு பேசறது."

"குகனுக்கு லாரி வேல கேட்டு தொரை பங்களாவுல போயி நின்னீங்கள்ல. அப்ப மட்டும் நாக்கு வந்துச்சா?"

முனியாண்டி ரொட்டியைப் பிய்த்தார். ரூபினி படித்து முடித்த வருடம் அவர் இன்னொரு தடவையும் பங்களாவுக்குப் போனார். புது மேனேஜர் புவனேஸ்வரனிடம், மகள் பயிற்சிக்குச் சேர ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டார். "எதுக்கு கங்காணி அலையணும்? டைப் அடிக்கத் தெரியும்ல? ஆபீஸ்ல கிராணி வேல போட்டுத் தரேன்," என்றார் மேனேஜர். அதைப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு மகளிடம் வந்து சொன்னார். ரூபினி எழுந்து வெளியே போய்விட்டாள். ஏழு வக்கீல் ஆபீஸில் அவளைச் சேர்க்கவில்லை. ஓர் இடத்தில் எஸ்டேட் இங்கிலீஷ் என்றார்கள். இன்னோர் இடத்தில் சேர்த்துக்கொண்டு மூன்று மாதம் விருந்தாளிக்குக் கோப்பி கலக்க வைத்தார்கள். இதெல்லாம் அவள் அம்மாவிடம் சொல்லி, அம்மா வழியாக அவர் காதுக்கு வந்தது. அவரிடம் நேராகச் சொன்னதே இல்லை.

ஈப்போ வக்கீல் பத்தாம் நாள் வந்தார். பெரிய கார். லயத்துக்கு வருவதற்கு முன்னால் மேனேஜர் பங்களாவில் ஒரு மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்தார். குடையை விரித்தபடியே நின்று பேசினார்.

"கம்பெனி நிலம். உங்க பேர்ல ஒரு துண்டுச் சீட்டு கெடையாது. நான் பேசி மூணு மாசம் டைம் வாங்கிருக்கேன். இங்க சைன் பண்ணுங்க."

இராசம்மா கேட்டாள். "அய்யா, பழைய தொரை எனக்கு வாக்குக் குடுத்துருக்காரு. அத சொன்னீங்களா?"

"வாக்கெல்லாம் காத்துலம்மா. அத எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா சிரிப்பாங்க."

நாலு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது மாதம் ரிங்லெட் கடைவீட்டு மாடியில் ஆளுக்கோர் அறை பிடித்துப் போனார்கள். இராசம்மா போடவில்லை. கம்பெனி அவள்மேல் வழக்குப் போட்டது. சம்மன் வந்த சனிக்கிழமை, மழையில் முக்காட்டோடு அவள் முனியாண்டி வீட்டு வாசலில் நின்றாள்.

"ரூபினி வந்திருக்கா?"

ரூபினி மேசையில் காகிதங்களைப் பரப்பினாள். அரை மணி நேரம் கேள்வி கேட்டாள். கூரை மாற்றியது எந்த வருடம், தகரம் வாங்கிய ரசீது இருக்கிறதா, சிமெண்டு போட்டபோது ஆபீஸில் யாராவது வந்து பார்த்தார்களா. அவள் குரல் முனியாண்டிக்குப் புதிதாக இருந்தது. அவசரமே இல்லாத குரல்.

"அத்தை, தொரை பேசினத யாரு கேட்டா?"

"ஊரே கேட்டுச்சு. ஆனா தமிழ்லதானே. ஒங்கப்பாதான் எடுத்துச் சொன்னாரு."

"இங்கிலீஷ்ல நேராக் கேட்டது?"

"ஒங்கப்பா மட்டுந்தான் பக்கத்துல நின்னாரு."

ரூபினி பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பா, நீங்க சாட்சி சொல்லணும். நீங்க சொல்லலைன்னா இந்தக் கேசு நிக்காது."

கதவோரம் நின்ற குகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு கம்பெனிக்கு எதிரா ஏறுனா மறுநாளு என் லாரி சாவிய வாங்கிருவான். எனக்கு ஒண்ணரை வயசுல புள்ள இருக்கு. ஒனக்கு தாப்பாவுல வீடு இருக்கு, நீ பேசுவ."

"நடக்கலாம்ணே," என்றாள் ரூபினி. "நடக்காதுன்னு சொல்லமாட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த வீட்டுக்கு நோட்டீஸ் வந்தா நான் வந்து நிக்க முடியாது. நான் பொறந்த வீடு. சொந்த விசயத்துல நாங்க வாதாடக் கூடாது. வேற ஆளத்தான் பாக்கணும்."

"பாத்தீங்களா?" என்றான் குகன், அப்பாவைப் பார்த்து. முனியாண்டி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

புதன்கிழமை மேனேஜர் ஆள் அனுப்பினார். முப்பத்தெட்டு வருடத்தில் மேனேஜர் அறையில் முனியாண்டி உட்கார்ந்ததில்லை. அன்று புவனேஸ்வரன் நாற்காலியைக் காட்டினார்.

"ஒக்காருங்க கங்காணி. ஒடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு தொரை."

"குகன் நல்லா ஓட்டறான். ஒரு கம்ப்ளெய்ன் இல்ல." மேனேஜர் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். "அந்தம்மா கேசுல ஒங்க பேரு அடிபடுது. ரொம்பப் பழைய கத. ஞாபகம் இல்லேன்னு சொன்னா யாரு தப்பா நெனைக்கப் போறாங்க? ஒங்க வயசுக்கு மறதி வர்றது சகஜம்."

முனியாண்டி கோப்பையைத் தொடவில்லை.

"அப்பறம், ஒங்க மக," என்றார் மேனேஜர். "இப்படிச் சின்னச் சின்னக் கேசு புடிச்சு எத்தன நாளைக்கு ஓட்டும்? அன்னைக்குச் சொன்ன கிராணி வேல இன்னும் காலியாத்தான் இருக்கு. வரச் சொல்லுங்க. நம்ம தோட்டத்துப் புள்ள, கைவிட்டுற மாட்டோம்."

முனியாண்டிக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது. முதல் தடவை இதே வார்த்தையை அவர் வீட்டுக்குச் சுமந்துபோய் மகள் கையில் கொடுத்திருக்கிறார். அவள் எழுந்து போன முகம் இப்போதுதான் அவருக்குச் சரியாகத் தெரிந்தது. ஏழு ஆபீஸ் ஏறி இறங்கி, கோப்பி கலக்கி, பரீட்சையில் ஒரு தடவை விழுந்து எழுந்து, பேருக்குப் பின்னால் ஒரு படிப்பைச் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கிறாள். இந்த ஆளுக்கு அவள் இன்னும் டைப் அடிக்கிற பிள்ளை. கோயில் மண்டபத்தில் குணாளன் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்த தனக்கும் இந்த ஆளுக்கும் என்ன வித்தியாசம்?

எழுந்து நின்றார். "எம் மக லோயர், தொரை. கிராணி வேலைக்கு வேற ஆளப் பாருங்க. எனக்கு மறதியும் இல்ல."

வீட்டுக்கு வரும் வழியில் தாப்பாவுக்கு ஃபோன் போட்டு ஒரே வார்த்தை சொன்னார். "வரேன்."

சாட்சியே வேண்டாம், காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கம்பெனி கேட்டிருந்தது. ரூபினி எதிர்த்து முழு விசாரணை வாங்கினாள். அதற்கே மூன்று தடவை மலை இறங்கி ஏறினாள். விசாரணை அன்று விடியும் முன்பே கிளம்பினார்கள். கோர்ட்டு மலைக்குக் கீழே, மூன்றரை மணி நேரம். கோசு லாரிகளுக்குப் பின்னால் வளைவு வளைவாக இறங்கியது ரூபினியின் பழைய கார். மணியம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்திருந்தாள். இராசம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பின் சீட்டில் தகர ரசீதுகள் இருந்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கோர்ட்டு வாசலில் இருந்த போலீஸ்காரர் மூன்று பேரையும் பார்த்துக் கையைப் பின்வரிசைப் பக்கம் நீட்டினார். குடும்பத்தார் பின்னால் உட்கார வேண்டும் என்று மலாயில் சொன்னார். ரூபினி கறுப்புக் கோட்டில்தான் இருந்தாள். தான் வழக்கறிஞர் என்று சொல்லி அட்டையைக் காட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். உள்ளே கம்பெனி வக்கீல், தலை நரைத்தவர், சிரித்த முகமாகத் திரும்பி இங்கிலீஷில் கேட்டார்.

"உங்க லோயர் இன்னும் வந்து சேரலையா?"

"வந்தாச்சு," என்றாள் ரூபினி. ஃபைலை மேசையில் வைத்து உட்கார்ந்தாள்.

ஒரு காலை நேரத்தில் இரண்டு தடவை. இப்படி எத்தனை காலை அவள் பார்த்திருப்பாள் என்று கணக்குப் போடவே முனியாண்டிக்குப் பயமாக இருந்தது.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். மகள் எழுந்தாள். "என்சிக் முனியாண்டி," என்று மலாயில் கூப்பிட்டாள். பெற்ற மகள் வாயில் ஐயா என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் கூச்சமாக இருந்தது. பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். அதில் மகள் இல்லை; வேலை இருந்தது. அவருக்கும் முதுகு நிமிர்ந்தது.

மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் சொன்னார். அன்று துரை என்ன சொன்னார்?

"தொப்பியக் கழட்டிட்டுச் சொன்னாரு. இந்தம்மா புருசன் எங்க வேலையில செத்தான். இந்தம்மா ஆயுசுக்கும் இந்த வீட்டுல இருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டாங்கன்னு."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார். முனியாண்டிக்கு மலாய் தெரியும். ஆயுசுக்கும் என்ற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் 'லாமா' என்றார். லாமா என்றால் ரொம்ப நாளைக்கு. முனியாண்டி வாயைத் திறப்பதற்குள் ரூபினி நீதிபதியைப் பார்த்து எழுந்துவிட்டாள்.

"மொழிபெயர்ப்பு சரியில்லை, துவான். சாட்சி சொன்னது ஆயுசுக்கும். அதற்கு ரொம்ப நாள் என்று அர்த்தமில்லை. வாழ்நாள் முழுக்க."

கம்பெனி வக்கீல் உட்கார்ந்தபடியே சிரித்தார். "எதிர்த்தரப்பு அம்மணி மொழிபெயர்ப்பாளர் வேலைக்கும் மனுப் போட்டிருக்கிறாரா? அவர் அப்பாதானே சாட்சி. அப்பா என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முனியாண்டி கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்தார்.

ரூபினி குரலை உயர்த்தவில்லை. "சாட்சி என் அப்பா. அதை முதல் நாளே எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ஆயுசு என்ற சொல் என் அப்பாவுக்குச் சொந்தமில்லை, துவான். அகராதியில் இருக்கிறது. இந்த வழக்கு முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. அது சரியாக எழுதப்படும் வரை நான் உட்கார முடியாது."

நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அம்மணி சொல்வதுதான் சரி, வாழ்நாள் முழுக்க என்று ஒப்புக்கொண்டார். முதலில் எழுதியதை நீதிபதி அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். அதற்குப் பிறகுதான் ரூபினி உட்கார்ந்தாள்.

கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"எத்தனாவது படித்தீர்கள்?"

"ஆறாவது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி."

"இங்கிலீஷ் பேசுவீர்களா?"

"பேச வராது. சொன்னா புரியும்."

"ஆறாவது படித்தவருக்கு, துக்க வீட்டில், ஒரு துரை பேசிய இங்கிலீஷ் வார்த்தைக்கு வார்த்தை புரிந்தது. இருபத்தேழு வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கிறது. நம்பச் சொல்கிறீர்கள்?"

முனியாண்டி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "நான் சொல்றத ஒண்ணு விடாம சொல்லுங்க. இருவத்தஞ்சு வருசம், காலம்பற ஆளு கூடுற பெரட்டுல தொரை எங்கிட்ட இங்கிலீசுலதான் சொல்லுவாரு. எந்த மலையில மருந்து அடிக்கணும், எத்தன ஆளு, யாருக்கு இன்னைக்கு வேல இல்ல. நான் தமிழ்ல சொல்லி ஆளப் பிரிச்சு அனுப்புவேன். ஒரு நாளு தப்பான மலைக்கு ஆளு போனதில்ல. அப்பல்லாம் ஒனக்குப் புரியுதா, நீ எத்தனாவது படிச்சேன்னு கம்பெனியில யாரும் கேக்கல. வேல வாங்க அந்த இங்கிலீசு போதும். வாக்குக் குடுத்தத சொல்ல மட்டும் போதாதா?"

மொழிபெயர்ப்பாளர் இந்தத் தடவை ஒரு சொல் விடவில்லை. கம்பெனி வக்கீலுக்கு அதற்குமேல் கேள்வி இல்லை.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வாக்கை நம்பி அவள் அங்கேயே வாழ்ந்தாள், செலவு செய்தாள், கம்பெனியும் பார்த்துக்கொண்டு இருந்தது. ஆகவே அவள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டிலிருந்து எழுப்ப முடியாது. ரூபினி ஃபோனில் சொன்னதை முனியாண்டி போய்ச் சொன்னபோது இராசம்மா பின்கட்டில் சவ்சவ் கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஈரச் சிமெண்டில் அப்படியே உட்கார்ந்தாள்.

"அந்த நாலு பேரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்களேண்ணே," என்றாள். "அவங்களுக்கும் ரூபினி பேசியிருந்தா?"

சாயங்காலம் குணாளன் ஒரு பை ஆரஞ்சோடு வந்து, நம்ம புள்ள பேரு வாங்கிக் குடுத்துட்டா என்றார். முனியாண்டி பையை வாங்கிக்கொள்ளவில்லை.

"ரிங்லெட்டுல நாலு குடும்பம் கடை மாடியில கெடக்குது. அங்க கொண்டுபோயிக் குடுங்க. நானும் ஒரு நாளு வரேன். ரெண்டு பேரும் சேந்துதான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

அடுத்த மாதம் முதல் தேதி ஃபேக்டரி லாரிகளைக் கான்ட்ராக்டுக்கு விட்டார்கள். மூன்று டிரைவர்களில் இரண்டு பேரைக் கான்ட்ராக்டர் எடுத்துக்கொண்டார். குகனை எடுக்கவில்லை. அவன் வந்து சாவியில்லாத கையை அப்பாவிடம் விரித்துக் காட்டினான். சண்டை போடுவான் என்று முனியாண்டி எதிர்பார்த்தார். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கம்போங் ராஜாவுல லாரி வச்சிருக்கிற தவுக்கே ஒருத்தரு ஆளு கேட்டாரு. நாளைக்குப் போறேன்," என்றான்.

பத்தாம் நாள் காலை மகேனின் மோட்டார் லயத்துக்குள் வந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தவனை முனியாண்டி வாசலிலேயே நிறுத்தினார்.

"கதவுல ஒட்டாத. ஆளு இருக்கேன்ல. கையில குடு."

மகேன் கொடுத்தான். கையெழுத்துக்குப் பேனாவையும் நீட்டினான்.

"மொதல்ல படி. தமிழ்ல சொல்லு."

"ஒங்களுக்கு மலாய் தெரியுமே, கங்காணியாரே."

"எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியணும்ல. சத்தமாப் படி."

வேலைக்குக் கிளம்பிய பெண்கள் ஒவ்வொருத்தராக நின்றார்கள். மணியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இராசம்மா தன் வீட்டுப் படியிலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். மகேன் காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, திக்கித் திக்கி, முப்பத்தெட்டு வருடம் வேலை செய்த முனியாண்டி முப்பது நாளில் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்பதை அத்தனை பேருக்கும் படித்துச் சொன்னான். முடிக்கும்போது அவன் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

முனியாண்டி பேனாவை வாங்கி, பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் மட்டும் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

"தொரைகிட்ட சொல்லு. நான் போகல, கோர்ட்டுல பாத்துக்கலாம்னு. எம் மக இந்தக் கேசுக்கு வரமாட்டா, அவங்க சட்டத்துல எடமில்ல. அவகூடப் படிச்ச ஒரு லோயரப் பேசி வச்சிருக்கா."

மகேன் மோட்டாரை உதைத்தான்.

"அதுவும் பொம்பளப் புள்ளதான்," என்றார் முனியாண்டி. "மறக்காம சொல்லு."